ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயில் உள்ள ஊர். இராமானுசர் சிறு வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் படித்த ஊர் என்றும் சொல்வார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டுத்தறிகள். தறியில் ஒரு சேலை எப்படி உருவாகிறது என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாடா இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை ஓடும். ஒரு நேரத்தில் ஓர் இழைதான் சேரும். முதல் நாள் மாலை பார்த்தால் கொஞ்சம்தான் நெய்திருப்பார்கள். ஆனாலும் நெசவாளி நம்பிக்கையோடு அடுத்த இழையை ஓட்டுவார்.

இந்த ஊரை ஒட்டிச் செல்லும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஓச்சேரி, வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, பிறகு வேலூர். அந்தச் சாலையில் தினமும் ஆம்புலன்ஸ்கள் விரைவதைக் காணலாம். பலவற்றுக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைதான் போய்ச் சேரும் இடம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும்கூட நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

அவ்வளவு பெரிய மருத்துவமனை, 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது என்றால் நம்புவீர்களா? அதைத் தொடங்கியவர் ஒரு பெண். அவர் பெயர் ஐடா ஸ்கடர். இழை இழையாக நெய்யப்பட்ட சேலையைப் போன்றதுதான் அவருடைய வாழ்க்கை.

பஞ்சத்தில் கண்ட காட்சி

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு மிகப் பழையது. ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்தவர். அதை விட்டுவிட்டு 1819-இல் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவம் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்களில் ஏழு பேர் கிறிஸ்தவ ஊழியத்துக்கு இந்தியாவுக்கே வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஐடாவின் அப்பா. அவர் பெயரும் ஜான். அவரும் டாக்டர்தான்.

ஐடாவுக்கு ஆறு வயதானபோது தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். ஐடாவின் வீட்டு வாசலிலும் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள். குட்டி ஐடா அவர்களுக்கு ரொட்டி கொடுத்தாள். கை தூக்கி வாங்கக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டினாள். சாலையோரம் இறந்து கிடந்த குழந்தைகளையும் அந்தப் பிஞ்சுக் கண்கள் பார்த்தன.

அந்தக் காட்சி அவள் மனதில் நீங்காத பயத்தை உண்டாக்கியது. குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அப்பாவும் அம்மாவும் மீண்டும் இந்தியாவுக்குப் பணி செய்யக் கிளம்பினார்கள். ஐடா மட்டும் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். பெற்றோரைப் பிரிந்து அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல. தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோரும் போன வழியில் நான் மட்டும் போகமாட்டேன் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். நல்ல பள்ளியில் படிக்க வேண்டும், அமெரிக்காவிலேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் ஆசை.

மூன்று தட்டல்கள்

1890-இல் அம்மாவுக்கு உடல்நலம் இல்லை என்று தகவல் வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். அம்மாவைக் கவனித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு ஐடா கப்பலேறினார்.

திண்டிவனத்தில் ஒருநாள் இரவு. விளக்கடியில் உட்கார்ந்திருந்த ஐடாவின் அறை வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். அவருடைய மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடா தன் அப்பாவைக் காட்டினார். அவர்தான் டாக்டர், தனக்கு மருத்துவம் தெரியாது என்றார். அந்த இளைஞரோ, வேற்று ஆண் தன் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தலைகுனிந்தபடி போய்விட்டார்.

சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்தார். அவர் வேறு மதத்தவர். ஆனால் துன்பம் அதே துன்பம், பதிலும் அதே பதில். மூன்றாவதாகவும் ஒருவர் வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். கூடவே வந்து அப்பாவுக்கு உதவுவதாக ஐடா சொல்லிப் பார்த்தும் பலனில்லை.

அன்றிரவு ஐடா தூங்கவில்லை. விடியும்போது தெருவில் சாவு மேளம் கேட்டது. பதறிப்போய் விசாரித்து வர ஆளை அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மூவரும் கிட்டத்தட்ட அவர் வயதுக்காரர்கள், அல்லது அவரைவிடச் சிறியவர்கள்.

டாக்டர் பக்கத்து அறையில் இருந்தும் மூன்று உயிர்கள் போயின. காரணம், ஒரு பெண் டாக்டர் இல்லாததுதான். ஐடா அறைக் கதவை மூடிக்கொண்டு வெகுநேரம் ஜெபம் செய்தார். எந்த வேலையை வேண்டாம் என்று இத்தனை ஆண்டுகள் தள்ளி வைத்தாரோ, அதற்கே கடவுள் தன்னைக் கூப்பிடுகிறார் என்று உணர்ந்தார். பயம் போய்விடவில்லை. ஆனாலும் சரி என்று ஒப்புக்கொண்டார். வெளியே வந்து, டாக்டருக்குப் படிக்கப் போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னார்.

பக்கத்து அறையில் கேட்ட காது

அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். பெண்கள் டாக்டராவது அங்கேயும் அபூர்வமாக இருந்த காலம் அது. முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி. பிறகு நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. 1899-இல் பட்டம் பெற்றார்.

வேலூரில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். அதற்குப் பணம் திரட்ட வீடு வீடாக ஏறி இறங்கினார். நாட்கள் ஓடின. பணம் சேரவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறும் நாளோ நெருங்கிவிட்டது. ஒரு வீட்டில் வயதான பெண்மணி ஒருவரிடம் திண்டிவனத்துப் பெண்களின் கதையைச் சொல்லி உதவி கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர் காதில் அது விழுந்தது. அவர் ஐடாவைக் கூப்பிட்டு அனுப்பி, இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

பத்தடி அறை, ஒரு கட்டில்

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அப்பாவிடம் தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே அப்பா நோயுற்று இறந்துவிட்டார். புது டாக்டர். அனுபவம் இல்லை. வழிகாட்டவும் ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடமும் இன்னும் எழும்பவில்லை.

கட்டடம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலூரில் தங்கியிருந்த வீட்டிலேயே ஒரு சின்ன அறையை ஒழித்தார். அதில் ஒரே ஒரு கட்டில். அதுதான் ஆஸ்பத்திரி. சமையற்காரரின் மனைவி சலோமிதான் உதவியாளர். அவருக்கு நர்ஸ் வேலையை ஐடாவே சொல்லிக் கொடுத்தார்.

முதலில் யாரும் வரவில்லை. பெண் டாக்டரா? அதுவும் இவ்வளவு இளம் வயதிலா? ஊருக்குச் சந்தேகம். ஐடா தினமும் அறையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பிறகு ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். குணமானவர்கள் போய் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கூட்டம் பெருகியது. அறை போதாமல் வராந்தாவிலும் நோயாளிகள் படுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்துவிட்டார்!

1902-இல் ஷெல் கொடுத்த பணத்தில் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதற்கு அவருடைய மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரையே வைத்தார்கள்.

ஊருக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடாவே கிராமங்களுக்குப் போனார். முதலில் மாட்டுவண்டி, பிறகு ஒரு சின்னக் கார். குதிரையும் மாடும் இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்து, பேய் வண்டி என்று பயந்து ஓடியவர்கள் உண்டு! நாளாக ஆக, அதே மக்கள் சாலையோர மரத்தடிகளில் கைக்குழந்தைகளோடு காத்திருந்தார்கள். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் புளியமர நிழலே ஆஸ்பத்திரியானது. புண்ணுக்கு மருந்து கட்டுவது, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அங்கேயே நடந்தன. தொழுநோயாளிகளையும் அவர் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

பதினேழு மாணவிகள்

ஒரு டாக்டர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? ஒருத்தி போதாது, இந்த மண்ணின் பெண்களே டாக்டர்களாகவும் நர்ஸ்களாகவும் வர வேண்டும் என்று ஐடா நினைத்தார். 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்தது, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். மாணவிகளே கிடைக்கமாட்டார்கள் என்றார்கள். ஆனால் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 1918 ஆகஸ்டில் பள்ளி திறக்கப்பட்டது. சேர்ந்தவர்கள் 17 பேர். கைவசம் இருந்தவை சில புத்தகங்கள், ஓர் எலும்புக்கூடு, ஒரு நுண்நோக்கி. அவ்வளவுதான்! உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார்.

முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. சென்னை மாகாணம் முழுவதற்கும் பொதுவான தேர்வு. ஆண்கள் படிக்கும் பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுவது வழக்கம். அதனால் ஒருவர்கூடத் தேறாவிட்டாலும் மனம் உடைய வேண்டாம் என்று அதிகாரிகள் முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார்கள். முடிவு வந்தது. தேர்வு எழுதிய 14 மாணவிகளும் தேறியிருந்தார்கள்!

எழுபது வயதில் ஒரு பயணம்

இருபது ஆண்டுகள் கழித்துப் பெரிய சோதனை வந்தது. மருத்துவப் படிப்பு இனிமேல் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது. வேலூரில் நடந்தது அதைவிடச் சிறிய படிப்பு. பட்டப்படிப்பு நடத்த வேண்டுமானால் கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான்.

ஐடாவுக்கு அப்போது எழுபது வயது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் 1941-இல் மீண்டும் அமெரிக்காவுக்குப் போனார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் சேர்த்தார். கல்லூரி நிலைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென்றே பாடுபட்டவருக்கு அது எளிதான முடிவல்ல. நெடுநாள் உதவிய தோழிகள் சிலரே கோபித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஐடா நன்றாக யோசித்து, ஜெபித்து, அதற்குச் சம்மதித்தார். தான் நினைத்தபடி நடப்பதைவிட நோயாளிகளுக்கு நன்மை நடப்பதுதான் அவருக்கு முக்கியம். 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

பொறுப்புகளை விட்டு விலகிய பின் கொடைக்கானலில் வாழ்ந்தார். டென்னிஸ் என்றால் அவருக்கு உயிர். 65 வயதில் ஒரு போட்டியில் இவரோடு மோத வந்த இளம்பெண், ஒரு பாட்டியோடு விளையாடுவதா என்று முணுமுணுத்தாளாம். ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் பாட்டிதான் ஜெயித்தார் என்று சொல்வார்கள்!

1960 மே மாதம், 89-ஆம் வயதில் ஐடா ஸ்கடர் காலமானார்.

அவர் ஊன்றிய விதை தொடர்ந்து வளர்ந்தது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் இயங்க வைக்கும் முறையை டாக்டர் பால் பிராண்ட் அங்கேதான் உருவாக்கினார். 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அங்கே வெற்றிகரமாக நடந்தது. ஐடா பிறந்த ராணிப்பேட்டையிலும் அதே மருத்துவமனையின் பெரிய வளாகம் 2022-இல் திறக்கப்பட்டது. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து போகும் அதே நெடுஞ்சாலையில்தான் அது இருக்கிறது.

குழந்தைகளே, பெரிய ஆஸ்பத்திரி கட்டினால்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று ஐடா இருந்துவிடவில்லை. ஒரு கட்டில் கிடைத்தது, அதைப் போட்டார். ஒரு நோயாளி வந்தார், அவரை நன்றாகக் கவனித்தார். அடுத்தது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார், தன் பங்கைத் தவறாமல் செய்தார். அவருடைய நம்பிக்கையும் அப்படித்தான் வளர்ந்தது, தறியில் ஏறும் இழையைப் போல ஒவ்வொன்றாக.