மார்க்கோ போலோ பார்த்த துறைமுகம் எங்கே? சீனப் பீங்கான் சில்லுகளை வைத்து கண்டுபிடித்த கால்டுவெல்!

ராபர்ட் கால்டுவெல் என்றதும் மெரினா சிலையும், 1856-ல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் தாமிரபரணி முகத்துவாரத்தில் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கி, தொலைந்துபோன ஒரு துறைமுகத்தை அடையாளம் காட்டியவரும் இவர்தான்.

யார் இந்த கால்டுவெல்?

1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். முதலில் டப்ளினில் ஓவியம் படித்தார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் போனார். 1838-ல் மிஷனரியாக சென்னை வந்து, 1841-ல் திருநெல்வேலிச் சீமைக்கு, பெரும்பாலும் கால்நடையாகவே வந்து சேர்ந்தார். இடையன்குடிதான் அதன்பிறகு அவருக்கு ஊர். 1877-ல் பிஷப் ஆனார்.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. நாடார் சமூகத்தைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய புத்தகம் அந்த மக்களைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபம் பல பத்தாண்டுகள் அடங்கவே இல்லை.

என்ன தேடினார்?

13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் என்ற பணக்காரத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். அரேபியா, பாரசீகப் பக்கமிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்து நின்ற இடம் அது. ஆனால் 19-ம் நூற்றாண்டில் அப்படி ஒரு துறைமுகமே கண்ணில் படவில்லை. பேர் ஒத்துப்போவதால் காயல்பட்டினமா என்ற குழப்பமும் இருந்தது.

கால்டுவெல் போய் நின்றது பழையகாயல். அப்போது அது கடலை விட்டு விலகிக் கிடந்த சின்ன கிராமம். ஆனால் சுற்றியிருந்த வெட்டவெளியில் இரண்டு, மூன்று மைல் தூரத்துக்கு உடைந்த ஓடுகளும் பானைச் சில்லுகளும் சிதறிக் கிடந்தன. அவற்றோடு விதவிதமான தரத்தில் சீனப் பீங்கான் துண்டுகள், அரபு நாட்டு மண்பாண்டத் துண்டுகள். ஒரு சாதாரண கிராமத்தில் இதெல்லாம் எப்படி வரும்?

பீங்கான் ஏன் முக்கியமான சாட்சி?

கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை சுமார் 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டால்தான் பீங்கான் கிடைக்கும். பல நூற்றாண்டுகள் இந்த வித்தை சீனர்கள் கையில்தான் இருந்தது. ஜிங்டெஜென் நகரத்துச் சூளைகள் சீனப் பேரரசர்களின் அரண்மனைக்கே பாத்திரம் செய்து கொடுத்தன. அங்கு தயாரான நீலம்-வெள்ளை ஜாடிகளில் நீலம் தீட்ட, கோபால்ட்டை பாரசீகத்திலிருந்து வரவழைத்தார்கள். லோங்சுவான் சூளைகளின் பச்சைப் பாத்திரங்களுக்கும் கடல் கடந்து கிராக்கி இருந்தது.

பீங்கான் உடையும், ஆனால் மக்காது. மெருகையும் வேலைப்பாட்டையும் பார்த்தே எந்த சூளை, எந்தக் காலம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கால்டுவெல்லுக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் சீனக் கப்பலும் அரபுக் கப்பலும் சந்தித்த இடம் இது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

துறைமுகம் ஏன் தொலைந்தது?

ஆறுதான் காரணம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போனது. முதலில் கொற்கை கடலை இழந்தது. வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. பிறகு காயலுக்கும் அதே கதி. போர்ச்சுகீசியர் காலத்தில் தூத்துக்குடி அந்த இடத்தைப் பிடித்தது. 1870-களில் கொற்கையிலும் தோண்டிப் பார்த்த கால்டுவெல், இந்த வரிசையை 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் விளக்கினார்.

பிறகு என்ன ஆனது?

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல், இடையன்குடியில் அவரே கட்டிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சுமார் நூறு வருடம் கழித்து, ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் தமிழக ஆய்வாளர்களும் தமிழகக் கடலோரத்தில் சீனப் பீங்கான் சில்லுகளை முறையாகத் தேடினார்கள். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்திலும் அவை ஏராளமாகக் கிடைத்தன.

இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் பழையகாயலைப் பலரும் பஸ்ஸில் கடந்து போகிறார்கள். கோட்டையோ கோபுரமோ நின்று சாட்சி சொல்லாத அந்த ஊரின் பழைய பெருமையை, யாரோ வேண்டாமென்று வீசிய உடைந்த தட்டுகள்தான் காப்பாற்றிக் கொடுத்தன.