பாழ்மனையும் வாழ்மனையும்

ஓப்பநாயக்கவுக்கு அருகே நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் துரை பங்களா ஒன்று உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்று சொல்வதே பொருந்தும். கூரையின் ஒரு பகுதி சரிந்துவிட்டது. இஸ்தோப்பின் வெடிப்பில் ஆலங்கன்று ஒன்று வேர்விட்டு நிற்கிறது. என் பாட்டனார் அந்தப் பங்களாவின் பூந்தோட்டத்தை முப்பது ஆண்டுகள் பேணியவர். ஆயினும் அதன் முன்வாசற்படியை அவர் ஒருநாளேனும் மிதித்ததில்லை. பின்கட்டும் சமையலறைப் படியுமே அவர் அறிந்த பங்களா.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா. அதன் முன்னே ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பு. மேலே தகரக் கூரை. அடுப்புப் புகை அன்னையாரின் கண்களை வாட்டுவதைக் கண்டு, பின்சுவரில் ஒரு சிறு சாளரம் திறக்க என் தந்தையார் விரும்பினார். முறைப்படி அனுமதியும் கேட்டார். சுவர் தோட்டத்துக்குச் சொந்தமானது, அதிற் கைவைக்கக் குடியிருப்போருக்கு உரிமையில்லை என்ற விடையே கிடைத்தது. சுவர் அப்படியே நின்றது. புகையும் அப்படியே நின்றது.

இவ்விரு நினைவுகளையும் நெஞ்சிற் சுமந்துகொண்டே, சில மாதங்களுக்கு முன் மாணவர் சிலருடன் பெந்தோட்டையை அடுத்த லுணுகங்கைக்குச் சென்றேன். அதுவும் ஒரு காலத்தில் கைவிடப்பட்ட இறப்பர் தோட்டமே. அங்கிருந்ததும் பழையதொரு தோட்ட பங்களாவே. இன்றோ உலகின் பல பாகங்களிலிருந்தும் கட்டடக் கலை மாணவர்கள் தேடிவந்து காணும் இடமாக அது விளங்குகிறது. பாழ்மனையாய்க் கிடந்ததை வாழ்மனையாக்கிய அந்த மனிதரின் வரலாறு, வீடு என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளையே விரிவாக்கவல்லது. அவர்தாம் ஜெப்ரி பாவா.

பாவா 1919 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பாவா, முஸ்லிம் மரபும் ஆங்கில மரபும் கலந்த குடும்பத்தினர், புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் பறங்கியர் குலத்தைச் சேர்ந்தவர். பல குருதிகள் கலந்த அக்குடும்பத்தில் செல்வத்துக்குக் குறைவில்லை. கொழும்பு றோயல் கல்லூரியில் கற்ற இளைஞர், கேம்பிரிட்ஜ் சென்று ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் சட்டம் பயின்று 1944 இல் பாரிஸ்டரானார். தாயகம் திரும்பிச் சிறிது காலம் வழக்கறிஞராகப் பணியாற்றவும் செய்தார். ஆனால், தந்தையின் தொழில் மைந்தனின் நெஞ்சில் ஒட்டவில்லை.

1946 இல் தாயார் மறைந்தார். தொழிலைத் துறந்த பாவா, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தார். கீழை நாடுகளையும் அமெரிக்காவையும் கண்டு, ஈற்றில் இத்தாலியை அடைந்தார். அங்கே கார்தா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி நிலையாகத் தங்கிவிடவும் எண்ணினார். அவ்வெண்ணம் கைகூடவில்லை. கைகூடியிருப்பின், இலங்கை ஒரு கட்டடக் கலைஞரை இழந்திருக்கும். இத்தாலியக் கனவைச் சுமந்தபடியே அவர் ஊர் திரும்பினார். 1948 இல் தெத்துவ வாவிக்கரையில் லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கினார். லுணுகங்கை என்னும் சிங்களப் பெயரைத் தமிழில் உப்பாறு எனலாம்.

அந்த 1948 ஆம் ஆண்டை எம்மவர் எளிதில் மறத்தற்கியலாது. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில்தான், இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். ஒருவர் தோட்டமொன்றை வாங்கித் தமக்கென ஒரு வீட்டைச் சமைக்கத் தொடங்கினார்; தோட்டங்களை உருவாக்கிய மக்களோ குடியுரிமையும் இன்றி நின்றனர். இதில் பாவாவின் குற்றம் ஏதுமில்லை. எனினும், இவ்விரண்டையும் ஒருசேர நினையாமல் அவருடைய வரலாற்றைச் சொல்ல என்னால் இயலவில்லை.

நிற்க. லுணுகங்கையிலே பாவா செய்தது யாது? பழைய பங்களாவை இடித்துத் தள்ளிவிட்டுப் புதுமனை எழுப்ப அவருக்கு வசதி இருந்தது. அவர் அவ்வாறு செய்யவில்லை. முதலில் அந்த இடத்தைப் பார்த்தார்: வெயில் எப்பக்கம் விழுகிறது, நீர் எப்பக்கம் தெரிகிறது, காற்று எவ்வழியே வருகிறது என்று பார்த்தார். பிறகு வாசலின் திசையை மாற்றினார்; வண்டிகள் வரும் வழியைத் திருப்பினார்; சுவர் நின்ற இடத்தில் திறப்பும், திறப்பு இருந்த இடத்தில் சுவரும் அமைத்தார். மாட்டுத் தொழுவமாக இருந்த கட்டடம் நாளடைவில் கலைக்கூடமாயிற்று.

வீட்டின் தென்புறத்தே ஒரு குன்று காட்சியை மறைத்து நின்றது. அதன் உச்சியைத் தாழ்த்தச் செய்தார். அப்பால் இருந்த வாவியும், தொலைவிலே விகாரையொன்றின் வெண்ணிறத் தாதுகோபமும் வீட்டிலிருந்தே தெரியலாயின. இடையிலே ஒரு மரத்தடியில் பெரிய சாடி ஒன்றை வைத்தார். கண் முதலில் சாடியிற் சென்று தங்கும். பின்னர் நீரைத் தொடும். அதன்பின் தாதுகோபத்தை அடையும். பிறருடைய நிலத்தையும் வானத்தையும் விலையின்றித் தம் வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட வித்தை அது. ஈழத்தலரி மரங்களின் கிளைகளிலே கற்களைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றைத் தாம் விரும்பியவாறு வளைத்தார் என்பர். ஒரு கிளை வளையப் பல ஆண்டுகள் ஆகும். அவர் காத்திருந்தார். இவ்வாறு அந்த ஒரே இடத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மாற்றங்கள் செய்தவண்ணமே வாழ்ந்தார்.

கண் அவருடையது, மண்ணைச் சுமந்த கைகளோ கூலியாட்களுடையவை. லுணுகங்கையின் புல்வெளியில் நின்றபோது, என் பாட்டனார் முப்பது ஆண்டுகள் வெட்டிச் சீராக்கிய வேலிகளே என் நினைவுக்கு வந்தன.

வேலையைத் தொடங்கிய பின்னர், விருப்பம் மட்டும் போதாது என்பதைப் பாவா உணர்ந்தார். கட்டடக் கலையை அவர் கற்றிருக்கவில்லை. பெரும் செல்வர்கள் இத்தகைய நிலையில் ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவர், பாவாவோ மாணவரானார். 1951 இல், கொழும்பின் பழைய கட்டடக் கலை நிறுவனமாகிய எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்கின் எச். எச். ரீட்டிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரீட் மறைந்தார். மனந்தளராத பாவா மீண்டும் இங்கிலாந்து சென்று, இலண்டன் கட்டடக் கலைச் சங்கத்தின் பள்ளியிலே தம்மினும் மிக இளையோருடன் அமர்ந்து கற்றார். 1957 இல் தகுதிபெற்ற கட்டடக் கலைஞராகத் திரும்பியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. மாணவ நண்பர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். தாம் தொடங்கிய வேலைக்குத் தம் அறிவு போதாதென்று கண்டு, மீளவும் ஏடெடுத்துப் பயிலச் சென்ற பணிவே அவருடைய புகழின் அடித்தளம்.

தாயகம் திரும்பிய பாவா, ரீட்டின் நிறுவனத்தை ஏற்று நடத்தலானார். டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் சில ஆண்டுகள் அவருடன் பணியாற்றினார். பின்னர், தமிழராகிய பொறியியலாளர் பூலோகசுந்தரம் 1967 முதல் நெடுங்காலம் அவருடைய பங்காளியாக இருந்தார். பாவா மனத்திற் கண்ட கூரைகள் நிலத்தில் நிலைத்து நிற்பதற்கு அத்தமிழரின் கணக்கும் ஒரு காரணம் என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

1960களிலே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. பிறநாட்டுக் கண்ணாடியும் இரும்பும் அரிதாயின. ஏனையோர் இதனைத் தடையாகக் கண்டனர். பாவாவோ உள்ளூர்க் கருங்கல்லையும் மரத்தையும் ஓட்டையும் நாடினார். நெளிவான சிமெந்துத் தகடுகளின் மேல் நாட்டோடு பதிக்கும் முறையை அவர் பயன்படுத்தினார். தகடு மழையைத் தடுத்தது. ஓடு வெப்பத்தைத் தணித்துக் கண்ணுக்கும் இனிமை தந்தது. கலைஞர் ஈனா த சில்வாவுக்காக அவர் 1960களின் தொடக்கத்தில் கொழும்பிலே அமைத்த வீடு, நடுமுற்றத்தைச் சுற்றிய நம் பழைய மனைகளின் அமைப்பைப் புதிய காலத்துக்கு மீட்டுத் தந்தது. அந்த வீடு பிற்காலத்தில் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, லுணுகங்கைத் தோட்டத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. அவர் பழைய வீடுகளைக் காத்தார். அவருடைய வீட்டைப் பின்வந்தோர் காத்தனர்.

இனி, என் உள்ளத்தை மிகவும் தொட்ட செய்திக்கு வருகிறேன். கொழும்பில் பாவா வாழ்ந்த இல்லம், பகத்தலை வீதியை அடுத்த 33 ஆம் ஒழுங்கையில் உள்ளது. அது மாளிகையாகப் பிறந்ததன்று. ஒரே வரிசையில் நின்ற நான்கு சிறு வீடுகள் அங்கிருந்தன. 1958 இல் அவற்றுள் ஒன்றைப் பெற்றார். பின்னர் அடுத்ததைப் பெற்றார். 1968 அளவில் எஞ்சிய இரண்டும் அவர் வசமாயின. இடைச் சுவர்களைத் திறந்து, சிறு சிறு முற்றங்களை விட்டு, வானத்தின் ஒளியை உள்ளே இறக்கி, நான்கையும் ஒரே இல்லமாக இணைத்தார். இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து கிடைத்த தூண்களும் கதவுகளும் அங்கே மறுவாழ்வு பெற்றன. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் அவற்றுள் அடங்கும். செட்டிநாட்டுத் தச்சன் இழைத்த மரம், கடல் கடந்து வந்து கொழும்பு ஒழுங்கையொன்றில் நிற்கும் காட்சி தமிழ் நெஞ்சங்களுக்கு இன்பந் தருவது.

வரிசையாக நிற்கும் சிறு வீடுகள் என்றவுடன் எமக்கு நினைவில் எழுவது லயமன்றோ? லயம் எம்மவருக்கு நெருக்கத்தின் பெயர், ஏழ்மையின் பெயர். ஆனால், ஒரு வரிசை வீடு தன் வரிசையினால் மட்டும் சிறையாகிவிடுவதில்லை என்பதை 33 ஆம் ஒழுங்கை எனக்குக் காட்டிற்று. சுவரைத் திறக்கும் உரிமை உள்ளவன் கையில் அதுவே இல்லமாகிறது. அவ்வுரிமை இல்லாதவனுக்கு அது நூறாண்டு கடந்தும் காம்பராவாகவே இருந்துவிடுகிறது.

பாவாவின் பிற பணிகளை விரிக்கிற் பெருகும். தமிழகத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. 1970களில் மதுரையில் கோட்ஸ் ஆலையாருக்காக ஒரு மன்றத்தை அமைத்தார். சென்னையின் பழைய கன்னிமரா விடுதியைப் புதுப்பிக்கும் பணியையும் ஏற்றார். ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில், நீர்சூழ்ந்த தீவிலே 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றமும், மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகமும், தம்புள்ளையை அடுத்த கந்தலமை விடுதியும் அவருடைய பெரும் படைப்புகள். 2001 இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் பரிசு, அவருடைய வாழ்நாட் பணிக்காக வழங்கப்பட்டது.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் செல்வர், ரோல்ஸ் ராய்ஸ் வண்டியில் உலா வந்தவர். அவருடைய கலையைப் பெரிதும் நுகர்ந்தோர் வசதி படைத்தோரே. தோட்டத் தொழிலாளரின் லயத்தைப் பற்றி அவர் சிந்திக்கவில்லையே என்று ஒருவர் கேட்பின், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், விளக்கை ஏற்றியவர் எம் வீட்டுக்காக ஏற்றவில்லை என்பதற்காக, அதன் ஒளியில் நாம் வழி காணாதிருத்தல் அறிவுடைமையாகாது.

1998 இல் பாரிசவாயு அவரைத் தாக்கியது. உடலும் பேச்சும் முடங்கின. 2003 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். லுணுகங்கையின் கறுவாக் குன்றிலே அவருடைய உடல் தகனஞ் செய்யப்பட்டது. எந்தக் குன்றைத் தாழ்த்தி வாவியைக் கண்டாரோ, அக்குன்றிலேயே கலந்துவிட்டார். அதே 2003 ஆம் ஆண்டில்தான், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறி, நாடற்றவராய் எஞ்சியிருந்த எம்மவரின் நெடுங்கால இன்னலுக்கு முடிவு கட்டிற்று. ஒருவர் தம் வீட்டைச் சமைத்து முடித்த காலம் முழுவதும் எம் மக்கள் நாட்டின் வாசலிலேயே காத்திருந்தனர்.

இப்போது மலையகத்திற் சில குடும்பங்கள் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணிகளிலே தனிவீடு பெற்றுள்ளன. இன்னும் ஏராளமானோர் லயங்களிலேயே வாழ்கின்றனர். என் தம்பிக்கு ஏழு பேர்ச்சில் ஒரு சிறு வீடு கிடைத்தது. எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. எங்கள் பழைய லயம் பழுதடைந்து இடிக்கப்பட்டபோது, அதன் கதவுநிலையையும், பாட்டனார் அமர்ந்து வெற்றிலை இடித்த கருங்கற்படியையும் தம்பி கேட்டு வாங்கி வைத்திருந்தான். அவற்றை என் செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

லுணுகங்கையிலிருந்து திரும்பிய வாரத்தில் இருவரும் அந்த வீட்டைச் சுற்றி நடந்தோம். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். வீட்டின் பின்புறத்தே சமையலறை ஒன்றை இழுத்துக் கட்டினோம். லயத்துக் கதவுநிலை அதற்கு வாயிலாயிற்று. கருங்கல் அதன் படியாயிற்று. பின்சுவரில், தந்தையார் அன்று காம்பராவில் விரும்பிய அளவிலேயே ஒரு சாளரம் திறந்தோம். அதன் வழியே தேயிலைச் சரிவும், அதற்கப்பால் இடிந்த துரை பங்களாவின் கூரையும் தெரிகின்றன.

அந்தச் சாளரத்துக்காக நாங்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.