மௌனமான மகாகவி காஜி நஸ்ருல் இஸ்லாம்

தம்போய் என்றாலே வெளியூரார் நினைப்பது இங்குள்ள மனநல ஆஸ்பத்திரியைத்தான். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே நம்மவரில் சிலர், வீட்டுப் பெரியவரின் பேச்சும் நினைவும் தடுமாறினால் வெளியில் சொல்லாமல் மறைத்து விடுகிறார்கள். வங்கத்தின் மகாகவி காஜி நஸ்ருல் இஸ்லாமின் சரித்திரம் நமக்கொரு படிப்பினை.

1899-ம் வருடம் மே மாதம் பர்துவான் ஜில்லா சுருலியா கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் 1908-ல் வபாத்தாகவே, சிறு வயதிலேயே பள்ளிவாசலில் மோதினாராகவும், பின்பு அஸன்ஸோலில் ரொட்டிக் கடைச் சிப்பந்தியாகவும் பாடுபட்டார். 1917-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1922-ல் வெளிவந்த 'வித்ரோஹி' கவிதையால் வங்கமெங்கும் புகழ் பரவிற்று. மறுவருடம் வெள்ளையர் சர்க்கார் அவரைச் சிறையிலிட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இயற்றினார்.

அப்படிப்பட்டவருக்கு 1942 ஜூலையில், 43-வது வயதில், நாக் குழறிற்று. நாளடைவில் பேச்சும் நினைவும் அற்றுப்போயின. 1952-ல் ராஞ்சி மனநல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் பலனில்லை. 1953-ல் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அழைத்துச் சென்றார்கள். வியன்னாவில் டாக்டர் ஹான்ஸ் ஹாப் சோதித்து, இது 'பிக் நோய்', குணமாகாது என்று முடிவு சொன்னார். மூளையின் முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் சுருங்கும் வியாதி அது. ஆர்னால்ட் பிக் என்ற வைத்தியர் 1892-ல் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியதால் அப்பெயர் வந்தது.

இவ்வகை வியாதி இடப்பக்கப் பொட்டின் உள்ளே மூளையின் நுனியைத் தாக்கினால், பொருள்களைப் பற்றிய அறிவே தேயும். ஏலக்காயின் நிறம், மணம், ருசி, உபயோகம் யாவும் மூளையில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. அவற்றை ஒன்று சேர்த்து வைக்கும் கணக்கப்பிள்ளை போன்றது அந்த நுனி. கணக்கப்பிள்ளை போய்விட்டால், சரக்கு இருந்தும் கடை நடக்குமா? நோயாளி முதலில் ஏலக்காய் என்ற பேரை இழந்து, வெறும் 'சாமான்' என்பார். பின்பு கையில் கொடுத்தாலும் இன்னதென்று அறியார். சாவியை வைத்த இடத்தை மறப்பது எவருக்கும் உள்ள மறதி. சாவி எதற்கு என்று கேட்பது வியாதி.

கவிஞரின் மனைவி பிரமீளா, தாமே வாத நோயால் படுக்கையிலிருந்தும், 1962-ல் இறக்கும் வரை கணவரைக் கவனித்தார். 1972-ல் பங்களாதேஷ் அவரை டாக்காவுக்கு அழைத்துக் கௌரவித்தது. 34 ஆண்டு மௌனத்துக்குப் பின் 1976 ஆகஸ்ட் 29-ல் வபாத்தானார்.

மூளையும் கை கால் போல ஓர் உறுப்பே. அது நலிவதில் வெட்கப்பட ஏதுமில்லை. தைராய்டுக் கோளாறு, வைட்டமின் குறைவு போன்றவற்றாலும் நினைவு தடுமாறும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே மறைக்காதீர்கள், காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.