அவிழாத முடிச்சு: வை. மு. கோதைநாயகி அம்மையார்

துப்பறியும் கதைக்கென ஒரு நியதி உண்டு. முடிச்சு எத்துணைச் சிக்கலானதாயினும் இறுதி அத்தியாயத்தில் அவிழ்ந்தே தீர வேண்டும். நள்ளிரவில் கேட்ட குரல் பேயினுடையதன்று, வஞ்சகன் ஒருவனுடையது என்பது தெளிவாகும். துயரத்தால் சித்தம் கலங்கியவர் தெளிவு பெறுவார். இந்நியதி கோலோச்சிய காலத்தில் எழுத வந்து, நாவல் ராணி எனப் போற்றப்பட்டவர் வை. மு. கோதைநாயகி அம்மையார். அவருடைய வாழ்வின் இறுதி அத்தியாயமோ அந்நியதிக்குக் கட்டுப்படவில்லை.

1901 டிசம்பர் முதல் நாள், நீர்வளூர் வெங்கடாசாரியாருக்கும் பட்டம்மாளுக்கும் மகளாகக் கோதை பிறந்தார். ஓராண்டு நிறைவதற்குள் தாயை இழந்தார். பாட்டியும் சிற்றப்பன் குடும்பத்தாரும் அவரை வளர்த்தனர். 1907இல், ஐந்தரை வயதில், திருவல்லிக்கேணி வை. மு. குடும்பத்தின் பார்த்தசாரதிக்கு மனைவியானார். பள்ளிக்கூடம் அவர் அறியாதது. ஆயினும் கதை சொல்லும் ஆற்றல் இயல்பாகவே வாய்த்திருந்தது. படிக்க அறிந்தும் எழுத அறியாதிருந்த அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிய நாடகமே ‘இந்திர மோகனா’. அது 1924இல் அச்சேறியது. பின்னர் அத்தோழியின் துணையாலேயே எழுதவும் கற்றார். பெற்ற தாயின் பெயரைத் தாங்கிய ஒருத்தியே அவர் கையில் எழுத்தைத் தந்தாள் என்பது கருதத்தக்கது.

ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் மர்ம நாவல்கள் தமிழ் வாசகரை ஆட்கொண்டிருந்த காலம் அது. வடுவூராரின் ஊக்கத்தால் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கோதைநாயகி ஏற்றார். துப்பறியும் பாங்கில் அமைந்த அவருடைய முதல் நாவல் ‘வைதேகி’ அதில் தொடராக வெளிவந்தது. அன்று தொடங்கி அவர் படைத்தவை 115 நாவல்கள். மர்மக் கதையின் விறுவிறுப்பைக் கைக்கொண்ட அவர், அதன் களத்தை வீட்டிற்குள் கொணர்ந்தார். கைம்பெண் துயரும் குடும்பக் கொடுமையும் அவர் கதைகளின் பொருளாயின. அவருடைய நாவல் ஒன்றே அவர் மறைவுக்குப் பின் 1966இல் ‘சித்தி’ என்னும் திரைப்படமாயிற்று.

எழுத்தோடு நின்றவரும் அல்லர். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறுப்பிலும் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். ‘உத்தமசீலன்’ சிறைக்குள்ளே உருவான நாவல். விடுதலைப் பணிக்காகக் கிடைத்த 10 ஏக்கர் நிலத்தையும் பூதான இயக்கத்திற்கு ஈந்தார்.

சிறையாலும் தளராத அந்நெஞ்சம் 1956இல் தளர்ந்தது. ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். தாயில்லாக் குழந்தையாய் வளர்ந்தவர், மகனில்லாத் தாயாய் நின்றார். அத்துயரிலிருந்து அவர் மீளவில்லை. உடலும் நலிந்து காசநோய்க்கு ஆளானது.

மகனைப் பறிகொடுத்த மர்மக் கதையாசிரியர் இங்கிலாந்திலும் ஒருவர் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1918இல் மகன் கிங்ஸ்லியை இழந்தார். ஆவியுலகில் முன்னரே நம்பிக்கை கொண்டிருந்த அவர், எஞ்சிய ஆண்டுகளை அந்நம்பிக்கையைப் பரப்புவதிலேயே பெரிதும் செலவிட்டார். தடயமின்றி எதையும் ஏற்காத துப்பறிவாளனைப் படைத்தவர், மறைந்தோரின் குரலுக்குச் செவி சாய்த்தார். அறிவு வற்றியதன் அடையாளமாக இதனை எள்ளுதல் எளிது. துயரத்தின் ஆழத்தை அளந்து பார்ப்பதே அரிது.

மாமல்லைக் கடற்கரையையும் தன்னுட்கொண்ட அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்தில், டாக்டர் சௌரிமுத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை இருந்தது. 1937இல் அரசு அதனை ஏற்றது. கோதைநாயகி அம்மையாரின் இறுதி நாள்கள் அங்கே கழிந்தன. 1960 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. காசநோய்க்கு அதற்குள் மருந்துகள் வந்துவிட்டிருந்தன. நுரையீரலின் நோய்க்கு மருத்துவமனையும் மருந்தும் இருந்த அந்நாளில், பிள்ளையை இழந்த தாயின் உள்ள நோய்க்கு ஆறுதல் மொழியன்றிப் பிறிதொன்று வாய்ப்பது அரிதாயிருந்தது. அதனைப் புத்திர சோகம் என்றழைத்து, விதியின் பொறுப்பில் விட்டுவிட்டது சமுதாயம்.

அவர் நாவல்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிய திறனாய்வாளர் உளர். பேயென்று அஞ்சியதன் பின்னே ஒரு மனிதனும், சித்தப்பிரமை எனப்பட்டதன் பின்னே ஓர் இழப்பும் இருக்கும் என்பதே மர்மக் கதை வாசகனுக்குப் புகட்டும் பாடம். அப்பாடத்தைப் படைத்தவரின் வாழ்விலும் பொருத்திப் பார்ப்பது இலக்கிய உலகின் கடன். 115 கதைகளுக்கு முடிவெழுதிய கை, தன் துயருக்கு முடிவெழுத இயலாது ஓய்ந்தது. அந்த முடிச்சு அவிழாமலே இருக்கிறது. அதனை அவிழாததாகவே ஏற்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.