அன்னை சாவித்திரிபாய் பூலே

நம் தலைவர் பாபாசாகிப் அம்பேத்கர் தமக்கு ஆசான்களாகக் கொண்டோர் மூவர்: பகவன் புத்தர், கபீர், மகாத்மா ஜோதிராவ் பூலே. மூன்றாமவரின் பெயரை நம் சகோதரர் பலரும் அறிவர். அவருடைய வாழ்க்கைத் துணைவியாரைப் பற்றிக் கேட்டாலோ, பெண்களுக்குப் பள்ளி நடத்திய அம்மையார் என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். அப்பள்ளியினும் அரியதென நாம் கருதும் பணி ஒன்று அவருக்குண்டு. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சாவித்திரிபாய் 1831ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் சதாரா ஜில்லா நைகாவ் கிராமத்தில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் ஜோதிராவுக்கு மணம் செய்விக்கப்பட்டார். எழுத்தறியாது புக்ககம் வந்தவருக்குக் கணவரே கல்வி புகட்டினார். 1848இல் பூனா நகரில் பெண்களுக்கென இருவரும் ஒரு பள்ளியைத் திறந்தனர். பாடஞ்சொல்லச் சென்ற அம்மையார்மீது வைதிகர் சாணமும் சேறும் எறிந்தனர். மாற்றுப்புடவை ஒன்றைக் கையிற்கொண்டே அவர் பள்ளி சென்றார் என்பர். ஊருக்கு அஞ்சிய மாமனார் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். இவை பலரும் அறிந்தவையாதலின் மேற்செல்வோம்.

அக்காலத்தில் உயர்சாதியார் தம் பெண்மக்களை எட்டு, ஒன்பது வயதிலேயே மணம் முடித்தனர். கணவன் இறப்பின் அச்சிறுமி ஆயுள் முழுதும் கைம்பெண். தலை மழிக்கப்படும், மறுமணம் இல்லை. ஆண் ஒருவன் அவளைக் கெடுப்பினும் பழி முழுதும் அவளுக்கே. பூனாவில் சமையல் வேலை செய்து பிழைத்த ஒரு பிராமணக் கைம்பெண் அங்ஙனம் வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றாள். வஞ்சித்தவன் கைவிட்டான். போக்கிடமின்றிப் பெற்ற மகவைத் தன் கையாலேயே கொன்றாள். நீதிமன்றம் அவளை ஆயுட்காலம் அந்தமானுக்கு அனுப்பியது. அவளைக் கெடுத்தவனுக்கு எத்தீவும் இல்லை!

பூலே தம்பதியர் இதனைக் கேட்டு வருந்தியதோடு நிற்கவில்லை. 1863இல் தம் இல்லத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு விடுதி ஒன்றை ஏற்படுத்தினர். கருவுற்ற கைம்பெண்கள் இரகசியமாக வந்து பிள்ளை பெறலாம். குழந்தையை எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் அவரவர் விருப்பம் என அச்சிட்ட அறிவிப்புக்களைத் தெருமுனைகளில் ஒட்டினர். சாணம் எறிந்த சாதியாரின் புதல்வியரே இப்போது கதவைத் தட்டினர். அம்மையார் பழைய கணக்கு எதனையும் எடுக்கவில்லை.

1884இல் ஜோதிராவ் எழுதிவைத்த குறிப்பின்படி, அதுவரை வந்து பெற்ற தாய்மார் 35 பேர்; அவர்தம் குழந்தைகளுள் உயிரோடிருந்தவை 5 மட்டுமே. கருவை மறைக்கத் தாய்மார் முன்னரே உட்கொண்ட நச்சு மருந்துகள் ஏனையவற்றின் உயிரைக் குடித்துவிட்டன. இதனை வெற்றியென்று எங்ஙனம் கூறுவது எனச் சிலர் வினவலாம். குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியக்கண்டும் இருபது ஆண்டுகள் கதவடையாதிருந்த நெஞ்சுரத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்று நாம் திருப்பிக் கேட்போம்.

பிள்ளைப்பேறில்லாத அம்மையார், 1874இல் ஒரு பிராமணக் கைம்பெண் ஈன்ற ஆண்மகவைத் தத்தெடுத்து, யஷ்வந்த் எனப் பெயரிட்டு, மருத்துவராக்கினார். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தங்கவடியில் ஏழைச் சிறுவர்க்கு உணவளிக்கும் விடுதி நடந்தது. 1890 நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தபோது, தத்துப்பிள்ளைக்குக் கொள்ளிச்சட்டி ஏந்த உரிமையில்லை என உறவினர் வழக்கிட்டனர். அம்மையாரே சட்டியை ஏந்தி முன்னே நடந்து தீயும் மூட்டினார். இந்நாளிலும் எத்தனை குடும்பங்களில் இது நடக்கும்?

1897இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் பம்பாயிலும் பூனாவிலும் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. பூலே தொடங்கிய சத்திய சோதக சமாஜத்தைச் சேர்ந்தவரும், பம்பாய் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவருமான நாராயண் மேகாஜி லோகண்டே பிப்ரவரித் திங்களில் அந்நோய்க்கே இரையானார். பஞ்சாலையில் உழைத்த நமக்கு அப்பெயரைக் கூறாது செல்ல மனம் வரவில்லை. பூனாவை அடுத்த ஹடப்சரில் யஷ்வந்த் நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் நடத்தினார். அம்மையார் அவர்களைத் தேடிக் கொணரும் வேலையைத் தாம் ஏற்றார். முண்டவா கிராமத்து மகார் சேரியில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதைக் கேட்டார். தொட அஞ்சிய நோய். தொடலாகாதென ஊர் ஒதுக்கிய குலம். அறுபத்தாறு வயதுக் கிழவியார் அச்சிறுவனை முதுகில் சுமந்து சிகிச்சை நிலையம் சேர்த்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10ஆம் நாள் உயிர் நீத்தார்.