சுருளிமலையில் கற்றதை ஊருக்குக் கொண்டு வந்தவர்: ஆபிரகாம் பண்டிதர்

இப்போதெல்லாம் வாட்ஸ்ஆப் குழுக்களில் அடிக்கடி ஒரு விளம்பரம் வருது. மலையில் மூணு நாள் முகாம். மூலிகைக் குளியல், மூலிகைச் சாறு, தியானம், சித்தர் வழி மருத்துவம். கட்டணம் இத்தனை ரிங்கிட். வசதி உள்ளவங்க தமிழ்நாட்டுக்கே போய் கொல்லிமலை, சதுரகிரி, பொதிகை என்று ஏறிட்டு வராங்க. நம்ம வயசுக்காரங்களும் நிறைய பேர் போறாங்க.

போறது தப்பே இல்லை. ஆனா மலைக்குப் போய் மூலிகை வைத்தியம் கத்துக்கிறது என்றால் உண்மையில் என்ன? அதைத் தெரிஞ்சுக்க, ஏறக்குறைய 150 வருஷத்துக்கு முன்னாடி அப்படிப் போன ஒரு இளைஞரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். இவர் பெயரைக் கேள்விப்பட்டவங்க பெரும்பாலும் தமிழிசை மூலமாத்தான் கேட்டிருப்பீங்க. ஆனா அந்த இசைப் பணிக்கு எல்லாம் செலவு செய்தது மூலிகை மருந்து. அந்த மருந்துக்கு ஆரம்பம் ஒரு மலை.

எதையும் கத்துக்கிற ஆர்வம்

1859 ஆகஸ்ட் 2 அன்று, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஆபிரகாம் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி முடித்து அங்கேயே வாத்தியார் ஆனார். வாத்தியார் வேலை கிடைச்சாச்சு, இனிமே என்ன என்று அவர் உட்காரவில்லை. சடையாண்டி பத்தரிடம் வயலின் கற்றார். புகைப்படக் கலை கற்றார். அச்சுத் தொழிலும் அவரை இழுத்தது. அந்தக் காலத்தில் கேமரா என்றால் இன்றைக்கு நமக்கு ரோபோ மாதிரி, புத்தம் புது தொழில்நுட்பம்.

இவற்றோடு மூலிகை மேலும் அவருக்குத் தீராத ஆசை. அந்த ஆசைதான் அவரைச் சுருளிமலைக்குக் கூட்டிப் போனது.

மலையில் கிடைத்த குரு

சுருளிமலை இன்றைய தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அருவியும் அடர்ந்த காடும் குகைகளும் உள்ள இடம். சுருளி வேலப்பர் என்ற பெயரில் முருகன் கோயில் கொண்ட மலை. சித்தர்களும் துறவிகளும் தவம் செய்யும் இடமாக மக்கள் அதை இன்றும் மதிக்கிறார்கள்.

1870-களின் பிற்பகுதியில் மூலிகை தேடி அங்கே போன ஆபிரகாம், கருணானந்தர் என்ற துறவியைச் சந்தித்தார். வந்தவர் கிறிஸ்தவர், அதுவும் இருபதை ஒட்டிய வயசு. சொல்லிக் கொடுத்தவர் முருகன் மலையில் வாழ்ந்த துறவி. இருந்தும் கருணானந்தர் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். ஆபிரகாமும் கடைசிவரை தன் மதத்திலேயே இருந்தார், கடைசிவரை அந்தத் துறவியைக் குருவாகவும் வணங்கினார். இந்த விஷயத்தை நம்ம இளைஞர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கணும். நம் பாரம்பரியத்தில் குரு பார்ப்பது தகுதியைத்தான். கத்துக்க வந்தவனிடம் பொறுமையும் நேர்மையும் இருந்தால் கதவு திறக்கும்.

ஒரு செடி, பத்து கேள்வி

சித்த மருத்துவத்தில் ஒரு மூலிகையைத் தெரிஞ்சிருக்கு என்று சொல்ல, அதன் பெயர் மட்டும் தெரிஞ்சா போதாது. வேரா, இலையா, பட்டையா, பூவா, எதை எடுக்கணும்? எந்தப் பருவத்தில் எடுக்கணும்? பச்சையாக அரைப்பதா, நிழலில் உலர்த்துவதா? சூரணமா, கசாயமா, மாத்திரையா? தேனில் கொடுப்பதா, நெய்யில் கொடுப்பதா? யாருக்குக் கொடுக்கவே கூடாது? இத்தனைக்கும் பதில் தெரிஞ்சால்தான் அது மருந்து.

நம்ம ஊரிலேயே ஒரு உதாரணம் பாருங்க. ஜோகூரில் சாலை ஓரம், பள்ளிக்கூட வேலி ஓரம் எல்லாம் மஞ்சள் பூ பூத்துத் தரையில் படர்ந்து கிடக்கும் ஒரு செடி இருக்கு. அழகுக்காக நட்டது. அமெரிக்க வெப்பநாடுகளில் இருந்து வந்தது. பார்க்க மஞ்சள் கரிசலாங்கண்ணி மாதிரியே இருக்கும், ரெண்டும் நெருங்கின சொந்தம்கூட. ஆனா ரெண்டும் வேறு வேறு செடி. யூடியூப் பார்த்துட்டு அதைப் பறித்து அரைத்துக் குடித்தால் அது வைத்தியம் ஆகாது. இப்படிப்பட்ட வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, முகர்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அந்தக் காலத்துச் சீடர்கள் கற்றார்கள். சித்த மருந்துகளில் பாதரசம், பாஷாணம் போன்றவையும் உண்டு. சுத்தி செய்யும் முறை தெரியாதவர் கையில் அது விஷம்.

மலை இறங்கிய பிறகு

ஆபிரகாமின் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். மலையில் இருந்து இறங்கி வந்தவர் மறுநாளே வைத்தியசாலை திறக்கவில்லை. வாத்தியார் வேலையைத் தொடர்ந்தார். 1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். பிறகு தஞ்சாவூருக்குக் குடிபோய் இருவரும் அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தார்கள். வேலை செய்துகொண்டே மருந்து செய்தார், நோயாளிகளைப் பார்த்தார், அனுபவம் சேர்த்தார். பொன்னம்மாளும் மருந்து தயாரிப்பில் துணை நின்றார். 1890-ல்தான் ஆசிரியர் வேலையை விட்டு முழுநேர வைத்தியர் ஆனார். மலைக்கும் இந்த முடிவுக்கும் நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. அந்தக் காலத்தில் வைத்தியரைப் பண்டிதர் என்று அழைப்பது வழக்கம். அப்படித்தான் ஆபிரகாம், ஆபிரகாம் பண்டிதர் ஆனார்.

அதன் பிறகு அவர் செய்ததைப் பொறியியல் படிக்கிற என்னைப் போன்றவங்க பாடமாகவே படிக்கலாம். ஒரு வைத்தியர் பத்து பேருக்கு மருந்து அரைத்துக் கொடுக்கலாம். பல்லாயிரம் பேருக்குக் கொடுக்கணும் என்றால்? ஒவ்வொரு தடவையும் காட்டுக்குப் போய்ப் பறித்தால் காடும் தாங்காது, தரமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் தஞ்சாவூருக்கு வெளியே சுமார் 100 ஏக்கர் நிலம் வாங்கி மூலிகைகளைத் தானே பயிரிட்டார். ஊர் மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். மருந்து செய்யவும் விற்கவும் வைத்தியசாலை நிறுவினார். மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் வைத்தார். மூலப்பொருள், தயாரிப்பு, விற்பனை என்று எல்லாத்துக்கும் ஒழுங்கு செய்தார். அவருடைய கோரோசனை மாத்திரை பெரும் புகழ் பெற்றது. மருந்துகள் கடல் கடந்து தமிழர் வாழ்ந்த நாடுகளுக்கும் போயின. 1909-ல் அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

பெயர் யாருக்கு?

மருந்து பிரபலமானதும் அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள். தோட்டத்துக்கு வைத்த பெயர் கருணானந்தபுரம். வைத்தியசாலையின் பெயர் கருணாநிதி வைத்தியசாலை. நிலம் அவருடையது, முதலீடு அவருடையது, உழைப்பு அவருடையது. ஆனா முன்னால் நிற்பது குருவின் பெயர். சுருளிமலைக் காட்டில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கக்கூடிய ஒரு துறவியை இன்று நாம் பேசுவதற்குக் காரணம் அந்தச் சீடரின் நன்றி. மூணு நாள் முகாமுக்குப் போய் வந்ததும் தானே குரு என்று பக்கம் தொடங்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

மருந்தில் சம்பாதித்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்ப் பழந்தமிழ் இசையின் சுருதிக் கணக்கை எடுத்து வைத்தார். அவர் சொன்னதைப் பாடியும் வாசித்தும் காட்ட அவருடைய பெண்பிள்ளைகளும் மேடை ஏறினார்கள். 1917-ல் வந்த கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நூல். அந்தப் பெயரிலும் கருணை இருக்கு பாருங்க. 1919 ஆகஸ்ட் 31 அன்று, 60 வயதில் அவர் மறைந்தார்.

நமக்கு என்ன வேலை?

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம்ம பாட்டிகளுக்கு நிலவேம்பும் தூதுவளையும் ஆடாதோடையும் தெரியும். ஆஸ்பத்திரி தூரமாக இருந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் செடிகள்தான் முதல் கைமருந்து. நிலவேம்பை மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்கிறார்கள், அவங்களுக்கும் அது மருந்து. தோட்டங்கள் போய் அடுக்குமாடிக்கு வந்த பிறகு, இந்த அறிவு நம்ம தலைமுறையில் அறுந்து போகிற நிலையில் இருக்கு. பாட்டி போனால் அவரோடு அந்தச் செடியின் பெயரும் போயிடும்.

மலேசியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016 முதல் தனிச் சட்டமே நடைமுறையில் இருக்கு. பாரம்பரிய இந்திய மருத்துவமும் அதில் அங்கீகரிக்கப்பட்ட துறை. அதனால் முகாமுக்குப் போகும் முன், நடத்துபவர் முறையாகப் பதிவு பெற்றவரா என்று கேளுங்க. கடையில் வாங்கும் மருந்து டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கா என்று பாருங்க. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவங்க டாக்டரிடம் சொல்லாமல் எந்தச் சாறும் குடிக்க வேண்டாம். இப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது. பண்டிதரே பல வருஷம் சோதித்த பிறகுதான் முழுநேர வைத்தியத்தில் இறங்கினார்.

நம் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் வளாகத்தில் பத்தடி இடம் கிடைத்தாலும் கேளுங்க. பத்து மூலிகை நடுங்க. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், தாவரவியல் பெயர் எழுதிப் பலகை வையுங்க. விவரம் தெரிந்த பெரியவர்களை வாரம் ஒரு முறை அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்க. சொன்னவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்க.