ஜோன் ஹம்டன் (1643 இல் இறந்தார்)

ஸ்டுவர்ட் மன்னர் காலத்தில் பாராளுமன்றத்தின் உரிமைக்காகப் போராடியவர்களுள் ஜோன் ஹம்டன் முக்கியமானவர். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பரந்த நிலங்களைக் கொண்ட பழைய குடும்பம் ஒன்றின் வாரிசு. சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் இலண்டனில் சட்டமும் கற்றார். ஒலிவர் குரோம்வெல்லின் தந்தையும் இவரது தாயும் உடன்பிறந்தோர். 1621 இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்றார்.

முதலாம் சார்ள்ஸ் மன்னர் பாராளுமன்றத்தின் சம்மதமின்றிச் செல்வந்தரிடம் கட்டாயக் கடன் கேட்டபோது ஹம்டன் கொடுக்க மறுத்தார். அதற்காக 1627 இல் சிறை வைக்கப்பட்டு 1628 இல் விடுதலையானார்.

1629 முதல் 1640 வரை 11 ஆண்டுகள் மன்னர் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆட்சி செய்தார். பணத்துக்கு வழி வேண்டுமே! கப்பல் வரி அதற்கு உதவியது. போர் அபாய வேளைகளில் கடற்படைக்காகக் கரையோரப் பகுதிகளிடம் பெறப்பட்ட பழைய வரி இது. 1634 இல் கரையோரத்தில் மீண்டும் விதிக்கப்பட்டு, 1635 இல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கடலே காணாத பக்கிங்ஹாம்ஷயரும் தப்பவில்லை. ஹம்டன் மறுத்தார். வழக்குக்கு எடுக்கப்பட்ட தொகை வெறும் 20 சிலிங், அதாவது ஒரு பவுண். அவரைப் போன்ற செல்வந்தருக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் அதைக் கொடுத்தால், பாராளுமன்றம் இன்றியே வரி விதிக்கலாம் என்பதை ஏற்றதாகிவிடும்.

1637 இல் தொடங்கிய வழக்கில் ஒலிவர் சென் ஜோன் அவருக்காக வாதிட்டார். வழக்கில் ஹம்டன் வென்றார் என மாணவர் சிலர் எழுதுவதுண்டு. அது பிழை. 1638 இல் 12 நீதிபதிகளுள் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் ஹம்டன் பக்கமும் நின்றனர், ஹம்டன் தோற்றார். எனினும் மன்னர் நியமித்த நீதிபதிகளுள்ளேயே ஐவர் இவ்வாறு கருதியமை நாடெங்கும் பேசப்பட்டது. பலர் வரி கொடுக்கத் தயங்கினர். 1641 இல் நீண்ட பாராளுமன்றம் கப்பல் வரி சட்டவிரோதமானது எனச் சட்டம் இயற்றி, அத்தீர்ப்பையும் இரத்துச் செய்தது.

1642 ஜனவரி 4 ஆந் திகதி மன்னர் படைவீரருடன் பொதுமக்கள் சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய முயன்றார். ஹம்டன், ஜோன் பிம் உட்பட ஐவரும் முன்னரே செய்தியறிந்து வெளியேறியிருந்தனர். மன்னர் வெறுங்கையுடன் திரும்பினார். சில நாட்களில் இலண்டனையும் விட்டகன்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹம்டன் தம் மாவட்டத்தில் பச்சை மேலங்கி அணிந்த படைப்பிரிவொன்றைத் திரட்டிப் பாராளுமன்றத்துக்காகப் போரிட்டார். 1643 ஜூன் 18 இல் சால்குரோவ் என்னுமிடத்தில், இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப் படையுடன் நடந்த மோதலில் படுகாயமடைந்தார். எதிரியின் குண்டு பட்டது என்பர் சிலர். அவரது கைத்துப்பாக்கியே வெடித்தது என்பர் வேறு சிலர். ஆறு நாட்கள் வேதனையுற்று, ஜூன் 24 இல் தேம் நகரில் உயிர்நீத்தார். அவரது உடல் சொந்த ஊரான கிரேட் ஹம்டன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.